பனை ஓலைப் பெட்டி முடைந்து விற்க வருகிறவர்களுக்கு

பனை ஓலையில் பெட்டியோ கொட்டான் என்கிற சின்னக் கூடையோ முடையத் தெரியும், அல்லது இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அதை விற்று மாதம் ஒரு வருமானம் பார்க்க முடியுமா என்று யோசிக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். முடியும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு ஓலைப்பெட்டி கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கல்யாணம், வளைகாப்பு, கொலு என்று எல்லாவற்றுக்கும் கேட்கிறார்கள்.

ஆனால் வாங்க ஆள் வந்தும் தொழிலை விட்டவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் பேசிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓலைக்குக் காசு எழுதினார்கள், சாயத்துக்குக் காசு எழுதினார்கள், தங்கள் கைக்கு எழுதவில்லை. அதனால் கீழே மற்ற படிகளை எப்படி வாசித்தாலும் சரி, விலை பற்றிய பகுதியை மட்டும் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கை பழகட்டும்

மணப்பாடு, ராமநாதபுரம் பக்கத்து ஊர்கள், பழவேற்காடு, செட்டிநாடு என்று ஓலைப் பின்னலுக்குப் பெயர் போன இடங்கள் பல இருக்கின்றன. அப்படி ஓர் ஊர் பக்கத்தில் இருந்தால், பழகிய ஒரு பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வீடியோவில் விரல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். ஓலையில் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும், மூலை திரும்பும்போது எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பிடிபடும். கற்றுத் தருகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் கொடுங்கள். உங்களுக்காக ஒரு நாள் வேலையை விட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறு ஊரில் முடைந்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. உங்கள் ஊர்ப் பெயரையே சொல்லி விற்கலாம். வாங்குகிறவர்களுக்கு அதுவும் பிடிக்கும்.

ஆரம்பத்தில் மூன்று பொருள் போதும். மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி, பலகாரம் வைக்க ஒரு கொட்டான், கைப்பிடி வைத்த ஒரு கூடை. கிலுகிலுப்பை, விசிறி, பேனா ஸ்டாண்ட், பூஜைத் தட்டு என்று இருபது வகை செய்து பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனியாகக் கை பழக வேண்டும், தனியாகப் படம் எடுக்க வேண்டும், தனியாக விலை போட வேண்டும்.

கை பழகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே பெட்டியைப் பத்து செய்து வரிசையாக வையுங்கள். முதல் பெட்டியின் மூடி பத்தாவது பெட்டிக்குப் பொருந்தினால் விற்கலாம். பொருந்தாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பழகுங்கள். அளவு மாறாமல் இருக்க, பலரும் ஒரு எவர்சில்வர் டப்பாவையோ மரக்கட்டையையோ உள்ளே வைத்து அதைச் சுற்றி முடைகிறார்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு டப்பாவை ஒதுக்கி, அதன் மேல் பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

ஓலையை எப்போது வாங்குவது, எப்படி வைப்பது

நயமான வேலைக்குக் குருத்தோலை வேண்டும். விரியாத இளம் ஓலை. காய்ந்தால் வெளுத்து, மெல்லியதாக, வளைந்து கொடுக்கும். முற்றிய ஓலை தடிப்பான கூடைக்கும் பெரிய பெட்டிக்கும் ஆகும்.

பதநீர்ப் பருவம் ஜனவரி வாக்கில் தொடங்கி ஜூன் வரை போகும். பனையேறிகள் மரத்தில் இருக்கிற காலம் அது. ஓலை வெட்டித் தர ஆள் கிடைப்பதும் அப்போதுதான், காயவைக்க நல்ல வெயில் அடிப்பதும் அப்போதுதான். வருஷத்துக்கு வேண்டிய ஓலையில் பெரும்பங்கை இந்த மாதங்களில் வாங்கிக் காயவைத்துவிட வேண்டும். ஐப்பசியில் ஆர்டர் வந்த பிறகு ஓலை தேடி அலைந்தால் கிடைத்தாலும் விலை கூடுதலாக இருக்கும், காயவும் காயாது.

பனையேறியிடம் பேரம் பேசாதீர்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிற வேலை அது. அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்து எடுக்க வேண்டாம், தோப்பில் மாற்றி மாற்றி எடுங்கள். குருத்தை அடிக்கடி இழந்தால் மரம் நலிந்துபோகும். அவருக்கே அது உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் வாங்குகிறவர் அவசரப்படுத்தும்போதுதான் தப்பு நடக்கிறது.

வந்த ஓலையைப் பிரித்து, ஈர்க்கை நீக்கி, வெயிலில் காயவையுங்கள். ஈர்க்கை எறியாதீர்கள், துடைப்பம் கட்டுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். காய்ந்த ஓலையைக் கட்டுக் கட்டாகக் கட்டி, தரையில் படாமல் பரண்மேலோ கயிற்றுக் கட்டிலிலோ வையுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் போட்டுக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். முடையும் அன்று தேவையான ஓலையை மட்டும் நனைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து எடுத்தால் விரலுக்கு இதமாக வளையும்.

சாயம் போடுவதாக இருந்தால், கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டு எடுத்த ஓலையைக் குளிர்ந்த நீரில் அலசிக்கொண்டே இருங்கள், தண்ணீர் தெளிவாக வரும் வரை. அப்புறம் நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஓலைமேல் அழுத்தித் தேயுங்கள். துணியில் சாயம் ஏறினால் அந்த ஓலை பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கல்யாண வீட்டில் பெட்டி பெரும்பாலும் யாராவது ஒருவரின் பட்டுப் புடவை மடியில்தான் இருக்கும், அதனால் இந்தச் சோதனையை ஒவ்வொரு சாயக் கட்டுக்கும் செய்தே ஆக வேண்டும். பலகாரப் பெட்டிக்கு உள்பக்கம் சாயமில்லாத வெள்ளோலையே போடுங்கள்.

விலை

இப்போது காகிதத்தை எடுங்கள்.

மூடி போட்ட ஒரு வேலைப்பாடான பெட்டியை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் ஊரில் வேறாக இருக்கும். ஓலை 15 ரூபாய், சாயமும் விறகும் 8, நாரும் லேபிளும் 7. ஆக மொத்தம் பொருள் செலவு 30 ரூபாய். புதிதாக வருகிறவர்கள் பலரும் இதை இரண்டால் பெருக்கி 60 ரூபாய் என்று விலை வைத்து, பாதிக்குப் பாதி லாபம் என்று மகிழ்ந்துவிடுகிறார்கள்.

அந்தப் பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆனது? போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். ஓலை கிழிப்பது, நனைப்பது, அடி போடுவது, ஏற்றி முடைவது, மூடி, வாய் கட்டுவது எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் என்று வைப்போம். 60 ரூபாய்க்கு விற்றால் கைக்கு வருவது 30 ரூபாய், அதாவது மணிக்கு 15 ரூபாய். நூறு நாள் வேலையில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42. ஆண்டுக்கணக்கில் பழகிய கை அதில் பாதியைக்கூட வாங்கவில்லை என்றால் அந்த விலை தப்பு.

ஆகவே மணிக்கு இவ்வளவு என்று உங்கள் கூலியை முதலில் முடிவு செய்யுங்கள். 60 ரூபாய் என்று வைப்போம். இரண்டு மணி நேரத்துக்கு 120. பொருள் செலவு 30 சேர்த்தால் 150. இதோடு கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இருக்கின்றன: போன் ரீசார்ஜ், மின்சாரம், ஓலை வாங்கப் போன பஸ் செலவு, கோணலாகிப்போன பெட்டிகள், விலை கேட்டுவிட்டுப் போகிறவர்களிடம் பேசும் நேரம். அதற்காக 20 சதவீதம், 30 ரூபாய். இப்போது 180. இது உங்கள் அடக்க விலை. இதற்குக் கீழே யார் கேட்டாலும், சொந்த அத்தையே கேட்டாலும், கொடுக்கக் கூடாது. வேண்டுமானால் அத்தைக்கு ஒரு பெட்டியைச் சும்மாவே கொடுங்கள், குறைத்து விற்காதீர்கள்.

அடக்கத்தின் மேல் தொழில் வளர ஒரு லாபம் வேண்டும்: புது டப்பா, நல்ல கத்தி, ஓலைக்கு முன்பணம். அதற்கு இன்னொரு 20 சதவீதம், 36 ரூபாய். 216 ஆகிறது. இது கடைக்காரருக்கு நீங்கள் கொடுக்கும் விலை.

கடையில் அது என்ன விலைக்கு இருக்க வேண்டும்? கடைக்காரர் விற்பனை விலையில் 30 முதல் 50 சதவீதம் வரை தனக்கு எடுத்துக்கொள்வார். முதல் தடவை கேட்கும்போது அநியாயமாகத் தெரியும். அவருக்குக் கடை வாடகை, ஆள் கூலி, விற்காமல் தங்கும் சரக்கு எல்லாம் இருக்கிறது, அதையும் யோசியுங்கள். 35 சதவீதம் அவருக்கு என்றால், 340 ரூபாய்க்கு விற்றால்தான் உங்களுக்கு 221 வரும். ஆகப் பெட்டியின் விலை 340.

நேரடியாக விற்கும்போதும் அதே 340தான். கடைக்காரர் செய்கிற வேலையை, அதாவது படம் எடுப்பது, பதில் சொல்வது, பார்சல் கட்டுவது எல்லாவற்றையும், அங்கே நீங்களே செய்கிறீர்கள். அதற்குரிய பங்கு உங்களுடையது. கடையில் 340, உங்களிடம் வந்தால் 230 என்று இருந்தால் அந்தக் கடைக்காரர் அடுத்த தடவை உங்களிடம் வாங்க மாட்டார்.

340 ரூபாய்க்கு யார் வாங்குவார்கள் என்ற கேள்வி வரும். பஜாரில் பிளாஸ்டிக் கூடை 80 ரூபாய்க்குக் கிடைக்கும்போது ஓலைக்கு இவ்வளவா என்று கேட்கிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, கோபப்படவும் வேண்டாம், வாதாடவும் வேண்டாம். அந்த விலைக்கு நிஜமாகவே போகவில்லை என்றால் கூலியைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறைக்கப் பாருங்கள். ஓலையை ஒரே நாளில் மொத்தமாகக் கிழித்துவைப்பது, ஒரே நிறத்தில் பத்துப் பெட்டி ஏற்றுவது, வேலைப்பாடு குறைந்த ஒரு வகையைச் சேர்ப்பது, இவற்றால் நேரம் நன்றாகவே குறையும்.

எங்கே விற்பது

முதல் நாற்பது ஐம்பது பெட்டிகள் தெரிந்தவர்கள் மூலமாகத்தான் போகும். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டு, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்துவிடுங்கள். படம் காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், பின்னால் வெறும் சுவரோ பாயோ இருக்கும்படி எடுங்கள். அளவு புரிய, பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வையுங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். விலையையும் எழுதுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ்" என்று போட்டால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள், கேட்கிற மீதிப் பேருக்குப் பதில் சொல்லியே உங்கள் முடையும் நேரம் போய்விடும்.

கண்காட்சிகளுக்கு ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். மகளிர் குழுவில் இருந்தால் மகளிர் திட்டம் மூலம் ஸ்டால் கேட்கலாம். சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் குழுக்களின் விற்பனைக் கண்காட்சிகள் நடக்கும். தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், அதாவது பூம்புகார், 1973 முதல் இருக்கிறது. அவர்களின் விற்பனை நிலையத்துக்கு மாதிரியோடு போய்ப் பேசலாம். தனியார் கண்காட்சியில் ஸ்டால் வாடகை அதிகம். வாடகை, பயணம், சாப்பாடு மூன்றையும் கூட்டி, அதை எடுக்க எத்தனை பெட்டி விற்க வேண்டும் என்று போகும் முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள். ஸ்டாலில் சும்மா உட்காராமல் முடைந்துகொண்டே இருங்கள். கை வேலை செய்வதைப் பார்க்க ஆட்கள் நிற்பார்கள், விலை பற்றிய கேள்வியும் பாதி குறைந்துவிடும்.

கடைகளில் இரண்டு முறை உண்டு. பணம் கொடுத்து வாங்கிக்கொள்வது ஒன்று; விற்ற பிறகு பணம் தருவது மற்றது. இரண்டாவது முறையில் கொடுத்தால், எத்தனை பெட்டி, என்ன விலை, எந்தத் தேதியில் கணக்குப் பார்ப்பது, பூஞ்சை பிடித்தால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

கல்யாண ஆர்டர்

நல்ல பணம் வருவது இதில்தான், தூக்கம் போவதும் இதில்தான். 200 தாம்பூலப் பெட்டி வேண்டும் என்று போன் வரும். எளிய பெட்டி, ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் என்றால், 200க்கு 150 மணி நேரம். ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் முடைந்தால் முப்பது நாள். முகூர்த்தம் பதினைந்து நாளில் என்றால் தனியாளாக முடியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். கூட முடைய ஆட்கள் இருந்தால் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வேலை முடிந்த அன்றே கொடுங்கள். உங்களுக்குக் கல்யாண வீட்டார் பணம் தரத் தாமதமானாலும் அவர்களுக்குத் தாமதமாகக் கூடாது.

மாதிரிப் பெட்டி ஒன்றைக் காட்டி, அதன் படத்தோடு நிறம், அளவு, எண்ணிக்கை, தேதியை வாட்ஸ்அப்பில் எழுதி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பணம் முன்னால், மீதி பெட்டியை எடுக்கும்போது. முன்பணம் இல்லாமல் ஓலையை நனைக்காதீர்கள். எண்ணிக்கையைவிட ஐந்து சதவீதம் கூடச் செய்துவையுங்கள்.

ஆடி, மார்கழியில் கல்யாணம் இருக்காது, புரட்டாசியிலும் குறைவு. ஆடியில் கொலுவுக்கும் தீபாவளிப் பலகாரப் பெட்டிக்கும் சரக்குச் சேர்க்கலாம்.

பார்சலில் பணம் போகும் இடம்

ஓலைப்பெட்டி எடையே இருக்காது, கூரியர் செலவு கொஞ்சம்தான் ஆகும் என்று நினைப்பீர்கள். பல கூரியர்கள் எடையையும் பார்ப்பார்கள், கொள்ளளவையும் பார்ப்பார்கள். எது அதிகமோ அதற்குத்தான் பணம். பரவலாக உள்ள கணக்கு: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது. 30 க்கு 30 க்கு 25 அட்டைப்பெட்டி என்றால் 4.5 கிலோ. உள்ளே இருக்கும் கூடையின் எடை 600 கிராமாக இருந்தாலும் 4.5 கிலோவுக்குத்தான் கட்ட வேண்டும்.

இதனால்தான் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று அளவுக் கூடைகளை ஒரு செட்டாக விற்பது லாபம். மூன்றுக்கும் ஒரே பார்சல் செலவு. விலை சொல்லும்போதே கூரியர் தனி என்று எழுதிவிடுங்கள். பார்சலை மூடும் முன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்புங்கள்.

பணம், பதிவு

தொழிலுக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வீட்டுச் செலவும் ஓலைப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால் லாபம் தெரியாது.

பெரிய ஆர்டர் என்று சொல்லி, "பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இணையத்திலேயே செய்யலாம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற இணையதளங்கள் அரசினுடையவை அல்ல. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் தரும் பெஹ்சான் அட்டையையும், அதாவது கைவினைஞர் அடையாள அட்டையையும், வாங்கிக்கொள்ளுங்கள். அரசுக் கண்காட்சிகளில் ஸ்டால் கேட்கும்போது உதவும். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில், கூடை முடைதல் உள்ளிட்ட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு. அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 35 வயது நிறைந்திருக்க வேண்டும், தொழில் அனுபவமும் கேட்பார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்பட வேண்டாம். மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு விற்கும்போது விதி வேறு. ஆனால் ஓலைப் பின்னல் கைவினைப் பொருட்கள் பட்டியலில் வருவதால் 20 லட்சம் வரை விலக்கு இருக்கிறது. அந்த விலக்கில் அனுப்பும் சரக்குக்குப் பான் எண்ணும், தொகை எவ்வளவு சிறியதானாலும் இ-வே பில்லும், அதாவது சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டும், வேண்டும். பெரிய வெளிமாநில ஆர்டர் வந்தால் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

விற்ற பிறகு

வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் புகார்கள் வரும். பெட்டியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, வாடை அடிக்கிறது என்பார்கள். ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு சின்னத் தாள் வையுங்கள்: ஈரம் பட்டால் உடனே துடைக்கவும், மாதம் ஒரு தடவை கொஞ்ச நேரம் இளவெயிலில் வைக்கவும், பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவைக்க வேண்டாம், எண்ணெய்ப் பலகாரம் வைக்கும்போது வாழையிலை விரிக்கவும். பூத்துவிட்டால் உலர்ந்த துணியால் துடைத்து வெயில் காட்டச் சொல்லுங்கள்.

வாய் கட்டிய நார் அறுந்துவிட்டது என்று சொன்னால் பெட்டியை அனுப்பச் சொல்லி, கூரியர் செலவையும் அரை மணி நேரக் கூலியையும் வாங்கிக்கொண்டு கட்டிக் கொடுங்கள். மகிழ்ச்சியாகவே தருவார்கள், பிளாஸ்டிக் கூடைக்கு இப்படி யாரும் செய்து தருவதில்லை. திரும்பி வந்த பெட்டிகளில் நார் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மூலையில்தான் இருக்கும். அடுத்த பெட்டிகளுக்கு அந்த இடத்தில் இரட்டை நார் போட்டு, அதற்கு ஆகும் கூடுதல் நிமிடங்களையும் விலையில் சேர்த்து எழுதுங்கள்.